சுளுக்கும் பதிலி ஆளும்: கூலியோடு ஓய்வு யாருக்குக் கிடைத்தது?

கடந்த மழைக்காலத்தில் எங்கள் குழுவில் ஒருவர் இருசக்கர வண்டி சறுக்கி விழுந்தார். கணுக்கால் பிசகிவிட்டது. எலும்பு முறியவில்லை, தசைநார்தான் இழுபட்டிருக்கிறது, காலை உயர்த்தி வைத்துப் பத்து நாள் நடக்காமல் இருங்கள் என்றார் மருத்துவர். அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினோம். பத்து நாள் விடுப்பு கிடைத்தது. சம்பளத்தில் ஒரு ரூபாய் பிடிக்கவில்லை. பதினோராம் நாள் அவர் நடந்து வந்தார். இதில் சொல்வதற்கு எதுவும் இல்லை என்றுதான் அப்போது நினைத்தோம்.

அதே மாதம், நாங்கள் வேலை செய்யும் நகராட்சிக் குடியிருப்பில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருக்கும் ஓர் அக்காவுக்கும் கணுக்கால் பிசகியது. குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது உடைந்த கால்வாய் மூடியில் கால் மடங்கியிருக்கிறது. நாங்கள் போனபோது கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. நல்லெண்ணெய் போட்டு உருவிவிட்டு, பழைய புடவைக் கிழிசலால் கட்டியிருந்தார்கள். எங்கள் மருத்துவர் சொன்னதையே நாங்களும் சொன்னோம்: "பத்து நாள் ரெஸ்ட் எடுங்க அக்கா."

"ரெஸ்ட் எடுத்தா கூலி யாரு மேடம் குடுப்பா? ஆள் அனுப்பலைன்னா பேரை எடுத்துடுவேன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு."

மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த வண்டியைத் தள்ளியது பதினோராம் வகுப்பு படிக்கும் அவருடைய மகள்.

இரண்டு கால்களுக்கும் ஒரே காயம். ஒன்று பத்து நாளில் ஆறியது. மற்றொன்று, ஆறுவதற்குள் ஒரு மாணவியின் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டது. இதை ஏழ்மை என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக எங்களால் முடியவில்லை. கூலியோடு ஓய்வு என்பது இந்த நாட்டில் யாருக்கு எப்போது கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவே இல்லை என்ற வரலாற்றைத் தேடிப் படித்தோம். படித்ததில் எங்களுக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறோம்.

வராமல் இருப்பது குற்றம்

ஓய்வைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், ஓய்வெடுத்தால் என்ன தண்டனை இருந்தது என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் நம் முன்னோர் சட்டத்தை முதலில் சந்தித்தது உரிமையாக அல்ல, தண்டனையாக.

1859இல் பிரிட்டிஷ் அரசு தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால், முதலாளி அவரை நீதிபதி முன் நிறுத்தலாம். வேலைக்குத் திரும்பு என்று நீதிபதி உத்தரவிடுவார். கேட்காவிட்டால் மூன்று மாதம் வரை கடுங்காவல் சிறை. முதலாளி கூலி கொடுக்காவிட்டால் அது வெறும் கடன் வழக்கு, தொழிலாளி வராவிட்டால் அது குற்ற வழக்கு. இந்தச் சட்டம் 1925இல்தான் நீக்கப்பட்டது.

தூய்மைப் பணியாளர்களுக்கு இதைவிடக் கடுமையான விதிகள் தனியாக இருந்தன. 1916ஆம் ஆண்டின் ஐக்கிய மாகாண நகராட்சிச் சட்டத்தின் 85ஆம் பிரிவின்படி, நகராட்சியில் வேலை செய்யும் துப்புரவாளர் தக்க காரணமில்லாமல் வேலைக்கு வராமல் இருந்தால் இரண்டு மாதம் வரை சிறை. குமாஸ்தா வராவிட்டால் சம்பளம் போகும், துப்புரவாளர் வராவிட்டால் சிறை. 'தக்க காரணம்' எது என்று தீர்மானிப்பவர் யார்? வீங்கிய கணுக்காலை எந்த நீதிபதி காரணமாக ஏற்றிருப்பார்? சாதி எந்த வேலையைப் பிறப்பால் கட்டிவைத்ததோ, அந்த வேலைக்கு நவீன அரசு சிறைக்கதவையும் மாட்டியது.

தஞ்சைக்கு வருவோம். காவிரிப் படுகையின் பண்ணையாட்களுக்கு நீதிபதிகூடத் தேவைப்படவில்லை. மிராசுதாரே நீதிமன்றம். சவுக்கடியும் சாணிப்பாலும் அங்கே தண்டனைகளாக இருந்தன என்பது நம் கிராமங்களில் இன்னும் நினைவில் இருக்கும் செய்தி. பண்ணையாள் தனி ஆளாக வேலைக்குச் சேர்வதில்லை, குடும்பமே பண்ணைக்குக் கட்டுப்பட்டது. அப்பன் படுத்தால் மகன் ஏர் பிடிக்க வேண்டும். தாய் படுத்தால் மகள் நாற்று நட வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கவனியுங்கள், மறுபடியும் இதற்குத் திரும்பி வருவோம்.

சீனிவாசராவ் போன்ற தோழர்கள் கட்டிய விவசாயச் சங்கத்தின் போராட்டத்தால் 1944இல் மன்னார்குடி ஒப்பந்தம் வந்தது. சவுக்கடியும் சாணிப்பாலும் நிறுத்தப்படும் என்று எழுதி வாங்கினார்கள். 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் இவை எல்லாம் வேலை செய்த நாளுக்கான கூலியையும், வேலையிலிருந்து துரத்தப்படாமல் இருப்பதையும் பற்றியவை. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேரை எரித்தார்கள். வேலை செய்த நாளுக்கே கூலி கேட்டால் இதுதான் கதி என்ற ஊரில், கால் பிசகிப் படுத்திருந்த நாளுக்குக் கூலி கொடு என்று யார் கேட்டிருக்க முடியும்?

பேரும் அரைப்பேரும்

கடல் தாண்டிப் போனவர்களுக்கும் இதே கதைதான். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் கணிசமானோர் பறையர், பள்ளர், அருந்ததியர் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். அங்கே ஒரு நாள் வேலைக்கு 'பேர்' என்று பெயர். காலையில் பெரட்டுக்களத்தில் நின்று, கொழுந்து பறித்து, குறித்த எடையைக் கொடுத்தால்தான் செக்ரோலில் ஒரு பேர் விழும். எடை குறைந்தால் அரைப்பேர், பாதிக் கூலி.

மணிக்கட்டு பிசகிய ஒரு பெண் எத்தனை கிலோ பறிப்பார்? அவர் வேலைக்கு வந்தவராகத்தான் கணக்கில் இருப்பார், ஆனால் பாதி ஆளாக. நோயாளி என்று அவரை யாரும் எழுத மாட்டார்கள். சின்னக் காயத்தை மறைப்பதற்கு இதைவிட எளிய வழி கிடையாது. ஓய்வு மறுக்கப்பட்டதே தெரியாமல், கூலிக் குறைப்பாக அது கரைந்துவிடும்.

எங்கள் குடியிருப்பு அக்கா "பேரை எடுத்துடுவேன்" என்று மேஸ்திரி மிரட்டியதைச் சொன்னபோது எங்களுக்கு இந்தப் 'பேர்'தான் நினைவுக்கு வந்தது. சொல் கடல் தாண்டிப் போயும் மாறவில்லை, காலம் தாண்டி வந்தும் மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தவர்

வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்பது தானாக வந்ததல்ல. அதைக் கேட்டு வாங்கியதில் சாதி ஒழிப்பு இயக்கத்துக்கு நேரடிப் பங்கு உண்டு. மகாத்மா ஜோதிராவ் பூலேயின் சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டே 1884இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். வாராந்திர விடுமுறை அதன் முக்கியக் கோரிக்கை. 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்குச் சம்மதித்தார்கள். 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையைச் சட்டமாக்கியது. இன்று ஞாயிற்றுக்கிழமை காலை தாமதமாக எழும் எத்தனை பேருக்கு லோகண்டேயின் பெயர் தெரியும்?

ஆனால் ஞாயிறு ஓய்வு ஆலைக்கு மட்டும். அதுவும் கூலி இல்லாத ஓய்வு. காயத்துக்கு அதில் இடமில்லை. ஆலைக்குள்ளேயும் சாதி இருந்தது. பம்பாய் ஆலைகளில் கூடுதல் கூலி கிடைக்கும் நெசவுப் பிரிவில் தலித்துகளைச் சேர்க்கவில்லை. அறுந்த நூலை எச்சில் தொட்டு இணைக்க வேண்டியிருக்கும், அது தீட்டு என்றார்கள். இதை அண்ணல் அம்பேத்கர் பலமுறை கண்டித்திருக்கிறார். ஆகவே தொழிலாளர் சட்டம் எது வந்தாலும் அது நம்மைக் கடைசியாகத்தான் தொட்டது.

பத்து நாளுக்குக் கீழே காயமே இல்லை

காயத்துக்கு இழப்பீடு என்று இந்தியாவில் முதலில் வந்தது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். இது பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் அதன் 3ஆம் பிரிவில் ஒரு நிபந்தனை இருந்தது: பத்து நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால்தான் அது இழப்பீட்டுக்கு உரிய காயம். 1933இல் அதை ஏழு நாளாகக் குறைத்தார்கள். 1959இல் மூன்று நாளாக்கினார்கள். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த மூன்று நாள் அப்படியே இருக்கிறது.

பத்து, ஏழு, மூன்று. இந்த எண்களைப் பாருங்கள். இலேசான கணுக்கால் சுளுக்கு ஆறுவதற்கு ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும் என்பது மருத்துவம் சொல்வது. அதற்கு மருந்தே ஓய்வுதான். சட்டம் எழுதியவர்களுக்கோ பத்து நாளுக்கு உட்பட்ட வலி தொழிலாளியின் சொந்த விவகாரம். அன்றாடங்காய்ச்சியால் பத்து நாள் காத்திருக்க முடியுமா? மூன்றாம் நாளே நொண்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். போய்விட்டால் அது காயமே இல்லை என்றாகிவிடும். ஆறாத தசைநாரோடு மறுபடி மறுபடி கால் மடங்கி, கடைசியில் அந்தக் கணுக்கால் நிரந்தரமாகத் தளர்ந்துபோகும். அப்போது கேட்டால் வயசாகிவிட்டது என்பார்கள்.

அந்தச் சட்டத்திலும் வயல் வேலை செய்பவர்களுக்கு இடம் தரப்படவில்லை. 1927இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நோய்க்காலக் காப்பீடு பற்றி இரண்டு உடன்படிக்கைகளை ஏற்றது. ஒன்று ஆலைத் தொழிலாளர்களுக்கு, மற்றொன்று விவசாயத் தொழிலாளர்களுக்கு. விவசாயக் கூலிக்கும் நோய் வரும், ஓய்வு வேண்டும் என்று உலகம் அப்போதே எழுதிவைத்துவிட்டது. இந்தியா இரண்டிலுமே கையெழுத்துப் போடவில்லை.

அண்ணலின் நான்கு ஆண்டுகள்

1942 ஜூலை முதல் 1946 ஜூன் வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். இன்று மாதச் சம்பளக்காரர்கள் அனுபவிக்கும் பல உரிமைகளின் வேர் அந்த நான்கு ஆண்டுகளில் இருக்கிறது. ஓராண்டு வேலை செய்த ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு பத்து நாள் விடுமுறை என்ற திருத்தம் 1945இல் வந்தது. வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்த திருத்தம் 1946இல் வந்தது. இரண்டையும் சட்டமன்றத்தில் முன்னெடுத்தவர் அவர்.

நோய்க்கால விடுப்பின் அடித்தளமும் அவர் காலத்தில்தான் போடப்பட்டது. 1943இல் பேராசிரியர் பி.பி. அதார்க்கரிடம் தொழிலாளர் உடல்நலக் காப்பீட்டுத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 1944இல் அவர் அறிக்கை கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம். அது நிறைவேறியபோது தொழிலாளர் அமைச்சராக இருந்தவர் ஜெகஜீவன் ராம். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

இந்த நாட்டின் தொழிலாளிக்கு, படுத்திருக்கும் நாளுக்கும் கூலி உண்டு என்று சொன்ன சட்டம், இரண்டு தலித் தலைவர்கள் அடுத்தடுத்துப் பொறுப்பில் இருந்த ஒரு துறையிலிருந்து வந்தது. நோய் என்றால் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி. வேலையில் ஏற்பட்ட காயம் என்றால் 90 சதவீதம். ஆனால் அந்தச் சட்டம் முதலில் தொட்டது நிரந்தர ஆலைகளை. பருவகால ஆலைகள் வெளியே. வயல் வெளியே. நம் மக்களில் பெரும்பாலோர் எங்கே நின்றார்களோ, அந்த இடம் வெளியே.

இதை அண்ணல் அறியாதவர் அல்ல. 1947இல் அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற மனுவில் விவசாயத்தை அரசுத் தொழிலாக்க வேண்டும், காப்பீட்டை அரசே நடத்த வேண்டும், வயது வந்த ஒவ்வொருவருக்கும் அது கட்டாயமாக இருக்க வேண்டும் என்றார். நிலம் பற்றிய கோரிக்கையாகத்தான் இதை நாம் வழக்கமாகப் படிக்கிறோம். இன்னொரு விதமாகவும் படிக்கலாம். வயலும் தொழிற்சாலைக்குச் சமமாகியிருந்தால், தொழிற்சாலையின் உரிமைகளைச் சேரிக்கும் கேட்டிருக்க முடியும். அந்தக் கதவை அரசியல் நிர்ணய சபை திறக்கவில்லை.

சாவுக்கு ஒரு தொகை, சுளுக்குக்கு?

2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் கழிவுநீர்த் தொட்டிகளிலும் சாக்கடைகளிலும் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. இந்தத் தீர்ப்புகள் போராடிப் பெற்றவை. அவற்றைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் செத்தால் லட்சம், சுளுக்கினால் பட்டினி என்பது என்ன கணக்கு?

நலவாரியப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பது எங்கள் அன்றாட வேலை. விபத்து மரணத்துக்குப் படிவம் உண்டு, இயற்கை மரணத்துக்கு உண்டு, உறுப்பு இழப்புக்கு உண்டு. கால் பிசகிப் பத்து நாள் படுத்தவருக்குக் கூலி என்று ஒரு படிவத்தை நாங்கள் இதுவரை நிரப்பியதில்லை. 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டத்திலும், வேலையில் காயம்பட்டால் இலவச சிகிச்சை உண்டு, ஆனால் பாதிக்கூலிக்குக் குறையாத படி என்பது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் மட்டுமே. சுளுக்குக்கு எந்த மருத்துவமனை படுக்கை கொடுக்கும்? வீட்டுத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்வதுதான் அதற்குச் சிகிச்சை. திண்ணைக்குக் கூலி இல்லை.

பதிலி என்னும் வாரிசுரிமை

மறுபடி அந்தப் பதினோராம் வகுப்பு மாணவியிடம் வருவோம்.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் விடுப்பில் போனபோது அவர் வேலையை மற்றவர்கள் பகிர்ந்துகொண்டோம். அவர் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, வரச் சொல்ல யாருக்கும் தோன்றவும் இல்லை. ஆனால் தூய்மைப் பணியில், ஆள் வராவிட்டால் வீட்டிலிருந்து ஆள் அனுப்பு என்பது இயல்பாக வருகிறது. பண்ணையில் அப்பனுக்குப் பதில் மகன் ஏர் பிடித்த அதே ஏற்பாடு. வேலை ஒரு மனிதருடையது அல்ல, ஒரு குடும்பத்துடையது, ஒரு சாதியுடையது என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது.

சாதித்தொழில் எப்படித் தலைமுறை தாண்டுகிறது என்று சமூகவியல் வகுப்பில் பக்கம் பக்கமாகப் படித்தோம். நேரில் பார்த்தபோது அது ஒரு வீங்கிய கணுக்கால் வழியாகத் தாண்டியது. யாரும் அந்தப் பெண்ணிடம் இதுதான் உன் சாதித்தொழில் என்று சொல்லவில்லை. அம்மாவின் பேர் போய்விடக் கூடாது, நான்கு நாள்தானே என்றுதான் அவள் போனாள். நான்கு நாள் ஒன்பது நாளானது. கால் சரியாகாமல் அம்மா திரும்பியதால் மாதக்கடைசியில் இன்னும் ஐந்து நாள். நடுவில் ஒரு தேர்வு போனது. வண்டி தள்ளுவதைப் பார்த்த வகுப்புத் தோழிகள் என்ன சொன்னார்கள் என்பதை அவள் எங்களிடம் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் பள்ளிக்குப் போக மாட்டேன் என்றாள். இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பேசி, தலைமையாசிரியரிடம் பேசி, மறுபடி அனுப்பியிருக்கிறோம். இப்போதைக்குப் போகிறாள்.

அதனால் சொல்கிறோம்: கூலியோடு ஓய்வு என்பது ஒரு சலுகைப் பிரச்சினை அல்ல, சாதி ஒழிப்புப் பிரச்சினை. ஓய்வு இல்லாத இடத்தில் பதிலி வருவார். கூலி இல்லாத இடத்தில் பதிலி குடும்பத்திலிருந்துதான் வருவார்.

கேட்க வேண்டியதைக் கேட்போம். தூய்மைப் பணியில் வேலை நேரத்தில் ஏற்படும் எந்தக் காயத்துக்கும், முதல் நாளிலிருந்தே முழுக்கூலி வேண்டும். மூன்று நாள் நிபந்தனை போக வேண்டும். பதிலி ஆட்களை நகராட்சியே தனிப் பட்டியலில் கூலி கொடுத்து வைத்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து ஆள் கேட்கும் மேற்பார்வையாளர் மீது நடவடிக்கை வேண்டும், வருவது பள்ளிக் குழந்தை என்றால் குற்ற வழக்கே வேண்டும்.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் காப்பீட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வேலை நேரத்தில் கால் பிசகினாலும் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், சாதாரணச் சுளுக்குத்தானே என்று விடாதீர்கள். வேலைக் காயம் என்று பதிவானால், விபத்து நடந்த நாள் நீங்கலாகக் குறைந்தது மூன்று நாள் வேலைக்குப் போக முடியாதபோது 90 சதவீதக் கூலி உண்டு. நோய்க்காலப் பணத்துக்கு 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும், வேலைக் காயத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், திரும்பும் வழியில் நடக்கும் விபத்துக்கும் 2010 திருத்தத்துக்குப் பிறகு இது பொருந்தும்.

எங்கள் அக்காவுக்கு இது எதுவும் கிடைக்கவில்லை. விபத்து எங்கேயும் எழுதப்படவில்லை. பிடித்தம் நடக்கிறது, எண் எதுவென்று அவருக்குத் தெரியாது. அதைக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். அவர் இன்றும் அந்தக் காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறார்.